சுத்தமான உப்பு

உப்பை அவர் விரல் நுனியில் எடுத்து நான் பார்த்ததில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொள்வார். நாக்கால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு எங்கள் லேப் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "நல்ல உப்பு தங்கச்சி. மண்ணு இல்ல, கசப்பு இல்ல" என்று தீர்ப்புச் சொல்வார். குடுவையோடும் கண்ணாடிக் குழாயோடும் அரை மணி நேரம் மல்லுக்கட்டி நான் எழுதுவதும் கடைசியில் அதுவாகத்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை அது. பனியன் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக. சாயத்தைத் தண்ணீரிலேயே கிடக்க விடாமல் துணியின் மேல் தள்ளிவிடுவது அதுதான். மூட்டையைப் பிரித்து, தொட்டியில் கரைத்து, மெஷினில் மூன்று தவணையாக ஊற்றுவது அவர் வேலை. அதனால் அவர் எல்லோருக்கும் உப்பண்ணன். சம்பளப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டுமென்று தோன்றியதும் இல்லை.

அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம். அப்பன், தாத்தன் எல்லோரும் உப்பளத்தில் கால் வெடித்தவர்கள். "பொறந்ததே அளத்து வரப்புலதாம் தங்கச்சி. எங்கம்மா என்னைய உப்புலதாம் போட்டிருப்பா" என்று சொல்லி அவரே சிரித்துக்கொள்வார். பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏழு வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லைன் வீட்டில் நானும் கணவரும் பிள்ளைகளும் இரண்டாவது வீடு. அவரும் அவர் மனைவியும் ஐந்தாவது வீடு. அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வருவதை லைன் முழுக்க எதிர்பார்த்திருக்கும். மூட்டை பிரிக்கும்போது சிந்தினதை வாரி, தூக்குப்போசி நிறையக் கொண்டுவருவார். வாட்ச்மேன் கண்டுகொள்ள மாட்டார். முதல் வீட்டிலிருந்து ஏழாவது வீடு வரை ஒவ்வொரு வாசலிலும் நின்று, நீட்டின பாத்திரத்தில் கோபுரமாகக் கொட்டுவார். தலை தட்டிக் கொட்டுவது அவருக்குப் பிடிக்காது. ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் குடிப்பார், அதற்குமேல் ஒன்றும் வாங்க மாட்டார். கொட்டிக்கொண்டே ஒரு வாக்கியம் சொல்வார்: "கடை உப்பைவிடச் சுத்தம். இதுல உப்பைத் தவிர வேற எதுவுமே இல்ல."

அந்த வாக்கியம் என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஜன்னலுக்கு வந்தார். வழக்கம்போலத் தலையை நீட்டாமல் வெளியே தயங்கி நின்றார். "தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். இதைச் சோத்துக்குப் போடலாமா? பாக்க எங்க ஊரு உப்பு மாதிரிதாம் இருக்கு. ஆனாலும் வாயில போடுத சாமான் பாத்தியளா. நீங்க படிச்சவிய, சொல்லுங்க" என்றார்.

மூட்டையின் மேல் இங்கிலீஷில் அச்சடித்திருக்கும், இது தொழிற்சாலை உபயோகத்துக்கு, உண்பதற்கு அல்ல என்று. அவரால் படிக்க முடியாது. நான் தினமும் படிக்கிறவள். ஆனால் அப்போதுதான் அந்த லோடைச் சோதித்து முடித்திருந்தேன், இரும்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை. அதோடு, அந்தப் பட்டறையில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. டையிங் மாஸ்டர் என் ரிப்போர்ட்டைப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஒரு மனிதர் வந்து "நீங்க படிச்சவிய, சொல்லுங்க" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"தாராளமாப் போடலாமுங்கண்ணா. கடை உப்பைவிடச் சுத்தமுங்க. இதுல உப்பைத் தவிர வேற எதுவுமே இல்லீங்க" என்றேன்.

அடுத்த நொடியே யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். "ஆனா நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. கம்பெனி உப்பு வெளிய போறதுக்கு நானும் கூட்டுன்னு மேனேஜர் எம்மேல பாய்வாரு" என்றேன்.

"உங்க பேரு வெளிய வராது தங்கச்சி" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அந்த உப்பைச் சமையலில் போட்டதே இல்லை. அது கிடந்த தரை எனக்குத் தெரியும், அதை மிதித்துப்போகும் கால்கள் தெரியும். சனிக்கிழமை சிரித்துக்கொண்டே பாத்திரத்தை நீட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக் கக்கூஸ் தேய்ப்பேன். சோற்றுக்குக் கடைப் பாக்கெட். மற்றவர்களுக்குச் சுத்தம், எனக்கு மட்டும் அருவருப்பு. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு தடவை கருநீலத் துணி திட்டுத்திட்டாக வந்துவிட்டது. அவருக்கு உதவியாக இருந்த ஒடிசாக்காரப் பையன் இரண்டாவது தவணை உப்பை ஊற்ற மறந்துவிட்டான். எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் வந்து கத்தினார். பையன் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினான். உப்பண்ணன் முன்னால் வந்து, "உப்புப் போடுதது நாந்தாம் சார். தப்பு என்னோடது" என்றார். மூன்று நாள் வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன். "அவனைப் போகச் சொன்னா எங்க போவாம் பாவம், பாஷையும் தெரியாது. எனக்கு என்ன, மூணு நாள் தூங்குவேன்" என்றார்.

பாஷை தெரியாத பையனுக்காக அப்படி நின்ற மனிதர், கட்டிக்கொண்டவளிடம் நடந்துகொண்டது வேறு மாதிரி. அதைச் சொல்லாமல் விட்டால் அவரைச் சாமியாக்கிவிடுவேன். அவர் சாமி இல்லை.

அக்கா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வந்த புதிதில் அவள் கண்ணுக்கு ஒரு தையல் தப்பாது. போன மாதம் எந்தக் கலரில் எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்று சூப்பர்வைசரே அவளிடம்தான் கேட்பாராம். லைனில் யார் வீட்டுக் குழந்தைக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். அவளுக்குக் குழந்தை இல்லை. இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. அதற்கப்புறம் மாதா கோயிலில் ஒரு நேர்ச்சை வைத்தாள், பிள்ளை பிறக்கும்வரை மீனைத் தொடுவதில்லை என்று. மீன் இல்லாமல் ஒரு வேளை இறங்காத ஊரில் பிறந்தவள். கறி, முட்டை, எல்லாவற்றையும் சேர்த்தே விட்டாள். பால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது, கடுங்காப்பிதான். ஆக அவள் சாப்பாடு என்றால் சோறு, குழம்பு, ஒரு காய், அப்புறம் அவர் கொண்டுவந்த உப்பு.

முதலில் தூக்கம் வந்தது. வேலைக்குப் போய்வந்து சுவரில் சாய்ந்தால் அப்படியே தூங்கிவிடுவாள். அப்புறம் வேலைக்குப் போகும் முன்னாலேயே தூங்கினாள். எவ்வளவு தூங்கினாலும் தூங்கின முகமாக இருக்காது, கண்ணுக்குக் கீழே வீங்கி, முகம் ஊதிப்போய்க் கிடக்கும். சித்திரை வெயிலில் நாங்கள் விசிறிக்கொண்டிருக்கும்போது அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு, "குளிருது தங்கச்சி" என்பாள். குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி கட்டிப்போயிருந்தது.

லைனுக்குச் சொந்தக்காரி, வாடகை வாங்க வரும் வீட்டுக்கார அம்மாவுக்கு இதெல்லாம் கொழுப்பாகத் தெரிந்தது. "ஏங்கண்ணு, அவொ எந்திரிக்கவே மாட்டீங்கறா பாரு. புருசங்காரன் சம்பாதிச்சுப் போடறான், இவொ படுத்துத் திங்கறா" என்று என்னிடம் சொல்வாள். நானும் சிரித்து வைப்பேன்.

அப்புறம் மறதி. தண்ணீர் பிடிக்கப் போனவள் குடத்தை விட்டுவிட்டு வருவாள். "தண்ணி வந்துட்டா தங்கச்சி?" என்று கேட்பாள். வந்துவிட்டது என்பேன். உள்ளே போய், திரும்பி வந்து, "தண்ணி வந்துட்டா தங்கச்சி?" என்பாள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருக்கும்போது பாதியில் வார்த்தை நின்றுபோகும். தினமும் சொன்ன வார்த்தை. விரல் மணியிலேயே இருக்கும், வாய் திறந்திருக்கும், ஒன்றும் வராது. கம்பெனியில் கிழிந்த பீஸையெல்லாம் நல்லது என்று தள்ளிவிட்டாளாம், நிறுத்திவிட்டார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

அவருக்குப் புரியவில்லை. புரியாதது எல்லாம் அவருக்குக் கோபமாக வந்தது. எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டு முகத்தில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுவார். "ஏட்டி, ஊரெல்லாம் முழிச்சிருக்கு, உனக்கு மட்டும் என்னட்டி தூக்கம்!" அடுப்பை அணைக்க மறந்து ஒரு நாள் புகை கிளம்பியது. அதற்கப்புறம் ஷிப்டுக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனார். ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள். போகிற வருகிறவர்களிடம் தண்ணி வந்துட்டா என்று கேட்பாள். அதே மனிதர் சனிக்கிழமை சாயங்காலம் தூக்குப்போசியோடு வாசல் வாசலாக வந்து நிற்பார், அதே சிரிப்போடு. எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று. ஆனால் பாத்திரத்தை நீட்டினேன்.

இதற்கு நடுவில்தான் அங்கன்வாடி டீச்சர் வந்தார். ஒரு சின்ன பாட்டில் வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டு உப்பிலும் ஒரு சொட்டு விடுவார். அயோடின் இருந்தால் நீலமாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். முதல் வீடு வெள்ளை. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எல்லாம் வெள்ளை. என் வீட்டு உப்பில் விட்டதும் பளிச்சென்று கருநீலமாக ஏறியது. எங்கள் மெஷினில் மணிக்கணக்கில் ஓட்டினாலும் அப்படி ஒரு நீலம் வராது.

லைன் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவரும் பார்த்தார். "ஊட்டுக்காரருக்கு பிரஷருங்க. அதனால டாக்டர் பாக்கெட் உப்புதான்னு சொல்லியிருக்காருங்க" என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

டீச்சர் விடவில்லை. "இந்த வெள்ளை உப்பெல்லாம் வேண்டாங்க. அயோடின் இல்லீன்னாக் கழுத்துல கழலை வரும், புள்ளைக மந்தமாப் போகும், பொம்பளைகளுக்கு ஆயிரம் வரும்" என்றார்.

உப்பண்ணன் சிரித்தார். "ஏம் டீச்சர், எங்கப்பா, எங்க தாத்தா எல்லாரும் அளத்து உப்பத் தின்னுதாம் வளந்தாவ. எங்க யாரு கழுத்தாவது வீங்கிட்டா? கலர் மாறுனாத்தாம் நல்ல உப்பா? அப்ப எங்க பட்டறையில இருக்குததெல்லாம் நல்ல உப்புதாம்." எல்லோரும் சிரித்தார்கள். அவர் பின்னால் அக்கா போர்வையோடு உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.

"நீங்க படிச்சவங்கதானுங்க, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க" என்று டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"அவங்கவங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாக உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அயோடின் இல்லாவிட்டால் கழுத்து வீங்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கழுத்துக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப்பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் என் வாசலுக்கு வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். நான் அந்த உப்பைத் தின்பதில்லை என்று தெரிந்தும் வந்தார். கோபுரமாகக் கொட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தெற்கே ஒரு கோயில் இருக்கிறதாம், மனசு சரியில்லாதவர்களைக் கொண்டுபோய் விட்டால் பார்த்துக்கொள்வார்களாம், ஓடிப்போகாமல் இருக்கச் சங்கிலி போடுவார்களாம். "வேற வழி தெரியல தங்கச்சி. பூட்டிப் போட்டுட்டுப் போயி, அங்க உப்பக் கலக்கும்போது எத்தனாவது தவணைன்னு எனக்கே மறந்துபோவுது" என்றார். பத்து நாளில் லீவு கிடைத்ததும் கூட்டிப்போவதாக இருந்தது. அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "எங்கன போறோம்?" என்று கேட்டாள். "கோயிலுக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள்.

அந்தக் கோயிலுக்குப் போகாமல் அவளைத் தடுத்தது நானோ வேறு யாருமோ இல்லை. கொதிக்கிற கஞ்சிதான். சட்டியை வெறுங்கையால் தூக்கிவிட்டாள். அவர் வீட்டில் இருந்த நேரம். இருவரையும் ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

கைக்குக் கட்டுப்போட்டது ஒரு சின்ன வயது லேடி டாக்டர். கட்டுப் போட்டு முடித்தும் அவர் அக்காவை அனுப்பவில்லை. குரலைக் கேட்டார், தோலைத் தடவினார், கழுத்தைத் தொட்டு எச்சில் விழுங்கச் சொன்னார். அப்புறம் நாற்காலியில் மண்டி போட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியால் ஒரு தட்டு. பாதம் சட்டென்று அசைந்தது. ஆனால் பழைய இடத்துக்கு மெதுவாக, மெதுவாகத் திரும்பியது, மின்சாரம் நின்ற பிறகு எங்கள் மெஷின் கடைசிச் சுற்றுச் சுற்றுமே, அப்படி. டாக்டர் இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"மீன் சாப்பிடுவாங்களா?"

"விட்டு நாலு வருசமாச்சும்மா. நேர்ச்சை."

"பால், முட்டை?"

"இல்லம்மா. கடுங்காப்பிதாம்."

"வீட்டுல என்ன உப்பு?"

"கம்பெனி உப்பும்மா."

"நல்லது. எந்தக் கம்பெனி?"

"எங்க கம்பெனிதாம். சாயத்துக்குப் போடுதது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று மறுபடி மூவரும் போனோம். டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். "கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு. அதுல ஊறுற ஹார்மோன் ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போகணும், மூளைக்கும் போகணும். அது குறைஞ்சா மூளை மங்கிப் போகும். எந்நேரமும் தூக்கம், குளிர், மறதி, மனசு உடைஞ்சுபோறது, எல்லாம் அதனாலதான். அந்த ஹார்மோன் ஊறுறதுக்கு அயோடின் வேணும். துளியூண்டு போதும். ஆனா அந்தத் துளி சாப்பாட்டுலதான் வரணும். இவங்களுக்கு அது வர்ற வழி ஒவ்வொண்ணா அடைபட்டிருக்கு. உப்பு மட்டுந்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அதுவும் காரணம்."

"எங்க ஊர்ல நாங்க அந்த உப்பத்தானம்மா தின்னோம்?"

"மீனும் தின்னீங்களே. அதுல கிடைச்சிருக்கும். உப்புல இல்லாதது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அவர் விரல் விட்டு வருடத்தை எண்ணினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அவ மீனை விட்டது பிள்ளைக்காவத்தாம். அது..."

"இந்த ஹார்மோன் குறைஞ்சாக் கரு தங்கறதும் கஷ்டம்" என்றார் டாக்டர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல அக்காவைப் பார்த்தார். அக்கா கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படி வர்றவங்களைப் பைத்தியம்னு சொல்லி மூலையில உக்கார வெச்சிடறாங்க. இது சரியாகிற மறதி. காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை, விடாமப் போடுங்க. கோயில் எங்கயும் ஓடிப்போகாது."

அன்று சாயங்காலம் அவர் வாசல் வாசலாக வந்தார். சனிக்கிழமை இல்லை. தூக்குப்போசி காலியாக இருந்தது. "அந்த உப்பைக் குடுத்துருங்கம்மா. தப்பு என்னோடது" என்று மற்ற ஐந்து வீட்டிலும் திரும்ப வாங்கினார். என் வாசலில் நிற்காமல் கடந்து போனார். என்னிடம் திரும்ப வாங்க ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அக்கா தேறி வந்தாள். ஒரே நாளில் இல்லை, மாதக்கணக்கில். முதலில் போர்வை போயிற்று. பிறகு முகத்து வீக்கம் வடிந்து பழைய கன்னம் தெரிந்தது. குரல் திரும்பியது. ஒரு நாள் காலையில் குழாயடியில் நின்று, "உங்க சின்னவனுக்கு இன்னைக்குத்தானே பொறந்தநாளு தங்கச்சி?" என்றாள். நானே மறந்திருந்தேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

ஆனால் திரும்பி வந்த நினைவு நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு வரவில்லை. முகத்தில் ஊற்றிய தண்ணீர் வந்தது. ஜன்னல் கம்பி வந்தது. சங்கிலிக் கோயில் வந்தது. பத்து நிமிடம் முன்னால் கேட்டதை மறந்தவள், அந்த வருடங்களில் நடந்ததை ஒன்று விடாமல் வைத்திருந்தாள். மாத்திரை எதற்கு என்பதையும் டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள், கரு தங்காது என்ற பேச்சு உட்பட. அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அவர் கடையில் பாக்கெட் உப்பு வாங்கிவந்து வைத்தார், மீன் வாங்கிவந்து தானே கழுவிக் கொடுத்தார். அவள் சமைத்தாள், சாப்பிட்டாள், பேசவில்லை. அந்த வருடம் என்னை லேப் இன்சார்ஜ் ஆக்கினார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தம்பி ஊரிலிருந்து வந்தான். வாசலில் இரண்டு பை. லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நாலடி தள்ளி நின்றேன்.

வீட்டுக்கார அம்மாதான் பேசினாள். "ஏஞ்சாமி, புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்குமுங்க. கொஞ்சம் பொறுத்துப் போகக்கூடாதா?"

"பூட்டிப்போட்டதைப் பொறுத்துக்கிடுவேம்மா" என்றாள் அக்கா. குரல் தெளிவாக இருந்தது. "தண்ணி ஊத்துனதையும் பொறுத்துக்கிடுவேன். எனக்குக் கிறுக்குன்னு அவிய நினைச்சாவ. நானே அப்படித்தாம் நினைச்சேன். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்." அவர் பக்கம் திரும்பினாள். "அந்த டீச்சரம்மா வந்து சொன்னப்ப சிரிச்சியளே, எனக்கு இப்ப நல்லா ஞாபகம் இருக்கு. யாரு சொன்ன தைரியத்துல சிரிச்சிய? வாயில போடுத சாமானாச்சே, வெவரம் தெரிஞ்ச ஒரு ஆளுகிட்டயாவது கேட்டியளா? கேட்டு, அவிய சரின்னு சொல்லி நீங்க போட்டிருந்தா, சொல்லுங்க, என் தலையெழுத்துன்னு இங்கனயே கெடக்கேன். தம்பி திரும்பிப் போகட்டும்."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். தம்பி பையைத் தூக்கினவன் அப்படியே நின்றான். எனக்கு நாக்கு இருந்தது. அவர் கேட்டாருக்கா, என்கிட்டத்தான் கேட்டாரு. அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். வாயைக்கூடத் திறந்தேன்.

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யார்கிட்டயும் கேக்கலட்டி. நானாத்தாம் போட்டேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.